‘நானோ சில்வர்’ என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

கேள்வி: மகனுக்குக் கால் வியர்வை நாற்றம் அதிகம். கடையில் ‘நானோ சில்வர்’ சாக்ஸ் என்று காட்டினார்கள். விலை மூன்று மடங்கு. வாங்கலாமா? உடம்புக்கு ஏதாவது செய்யுமா?

பதில்: உடம்பை நினைத்துப் பயப்பட வேண்டாம். காயமில்லாத தோல் வழியாக உள்ளே போகும் வெள்ளி மிகக் குறைவு. என் தயக்கம் வேறு. நானோ சில்வர் என்பது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் துகள் அல்ல. ஈரமும் காற்றும் பட்டு அதிலிருந்து கரைந்து வரும் வெள்ளி அயனிதான், அதாவது மின்னேற்றம் பெற்ற வெள்ளி அணு. கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்கிவிடும். ஆக, வெள்ளி வெளியே வந்தால்தான் பலன். வர வர இருப்பு தீர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு சீக்கிரம் தீரும்? அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் கடையில் கிடைத்த ஆறு வகை சாக்ஸைக் காய்ச்சி வடித்த நீரில் அலசிப் பார்த்தார்கள். சிலவற்றில் நாலே அலசலில் ஏறக்குறைய முழு வெள்ளியும் போய்விட்டது. வேறு சில கொஞ்சம்கூட அசைந்து கொடுக்கவில்லை. நூலோடு வெள்ளியை எப்படிச் சேர்த்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. அட்டையைப் படித்து இதைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதுதான் என் கோபம்.

சாக்ஸிலிருந்து கரைந்துபோன வெள்ளி சாக்கடைக்குப் போகிறது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் பெரும்பகுதி கந்தகத்தோடு சேர்ந்து எளிதில் கரையாத வெள்ளி சல்ஃபைடாகிவிடும். நச்சும் வெகுவாகக் குறையும். சுத்திகரிக்காமல் ஆற்றிலும் ஏரியிலும் விடும் இடங்களில் அந்தப் பாதுகாப்பு இல்லை. வெள்ளி அயனி மீனின் செவுளில் புகுந்து, நீரிலிருந்து சோடியத்தை எடுத்துக்கொள்ளும் வேலையை நிறுத்திவிடும். மீன் குஞ்சுகளுக்கு இரையாகும் டாஃப்னியா என்ற சிற்றுயிரைக் கொல்ல லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் போதும். நாற்றத்துக்காக இவ்வளவு தேவையா? நல்ல பருத்தி சாக்ஸாக நாலு ஜோடி வாங்குங்கள், தினமும் மாற்றச் சொல்லுங்கள், வெயிலில் காயப்போடுங்கள். அப்புறமும் நாற்றம் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வாட்டர் ஃபில்டரில் நானோ வெள்ளி இருக்கிறதாம். அது குடிக்கும் தண்ணீரில் கலந்துவிடாதா?

பதில்: கலக்கும். கிருமி சாவதே அதனால்தான். அளவைத்தான் பார்க்க வேண்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் வெள்ளி வரை அனுமதிக்கிறது. அந்த அளவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 10 கிராம் வரை தீங்கு தெரியாது என்பது அதன் அடிப்படை. தினம் 2 லிட்டர் வீதம் 70 வருடம் குடித்தாலும் கிட்டத்தட்ட 5 கிராம்தான் ஆகிறது.

இதைப் பொறுப்பாகச் செய்யவும் முடியும். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரதீப்பின் குழு 2013-ல் வெளியிட்ட வடிகட்டிப் பொருள், நானோ துகளைத் தன்னுள்ளேயே பிடித்து வைத்துக்கொண்டு அயனியை மட்டும் விடும்படி அமைந்தது. வெளிவரும் வெள்ளி லிட்டருக்குச் சுமார் 0.04 மில்லிகிராம், வரம்பில் பாதிகூட இல்லை. உங்கள் ஃபில்டர் அப்படிப்பட்டதா என்று தெரிய ஒரே வழி, வெளிவரும் தண்ணீரில் வெள்ளி எவ்வளவு என்ற பரிசோதனை அறிக்கையைக் கேட்பது. தயங்காமல் கேளுங்கள். தர மறுத்தால் வேறு ஃபில்டர் பாருங்கள். உங்களுடையது உப்பான போர் தண்ணீராக இருந்தால் இன்னொன்று: அதிலுள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து அதன் வீரியத்தைக் குறைக்கும். தண்ணீரிலுள்ள உப்பை வெள்ளி எடுக்கவும் செய்யாது.

கேள்வி: எதிர்ப்பு சக்திக்கு ‘கொலாய்டல் சில்வர்’ சொட்டு மருந்து குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். இது நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் திரவம். டாக்டர் சீட்டில்லாமல் விற்கும் இத்தகைய வெள்ளி மருந்துகளைப் பாதுகாப்பானவை, பலனுள்ளவை என்று ஏற்க முடியாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999-லேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து குடித்தவர்களுக்குத் தோல் நீலச் சாம்பல் நிறமாகியிருக்கிறது. ஆர்ஜீரியா என்பார்கள், பொதுவாக அது மாறுவதில்லை. இந்தச் சொட்டு மருந்து, தைராய்டு மாத்திரையையும் சில ஆன்டிபயாடிக்குகளையும் உடம்பு சரியாக ஏற்காமலும் செய்யும். தீக்காயத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் வெள்ளி களிம்பு வேறு விஷயம், அதை நிறுத்திவிடாதீர்கள்.