துனீசியாவின் கைரவான் பெரிய பள்ளிவாசலுக்கு முஸ்லிம் அல்லாத பயணி போகலாமா?

தாராளமாகப் போகலாம். மக்கா நகருக்குள் வர முஸ்லிம் அல்லாதவருக்குத் தடை உண்டு, இங்கே அப்படி இல்லை. கி.பி. 670-ல் அரபுத் தளபதி உக்பா இப்னு நாஃபி நிறுவிய நகரம் இது. பள்ளிவாசலின் முற்றம் வரை எல்லோரும் செல்லலாம். தொழுகைக் கூடத்தை மட்டும் வாசலில் நின்றுதான் பார்க்க வேண்டும். பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து கொண்டுவந்த தூண்கள் அங்கிருந்தே தெரியும்.

முற்றத்தில் அவசரப்படாதீர்கள். தரை சரிவாக இருக்கும். மழைநீர் அந்தச் சரிவில் ஓடி, செதுக்கிய கல் வடிகாலில் தூசி நீங்கி, அடியிலுள்ள தொட்டிக்குப் போகும். கிணற்று வாய்களில் நீர் இறைத்த கயிறு பதித்த பள்ளங்களைக் கவனியுங்கள். கோபுரத்தைவிட என்னை உருக்குவது அவைதான்.

காலையிலேயே போய்விடுங்கள், வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள். தோளும் காலும் மறைய உடுத்துங்கள். அப்புறம், ரவையில் பேரீச்சை வைத்துச் செய்யும் மக்ரூத் இந்த ஊர்ப் பலகாரம், சூடாகச் சாப்பிடுங்கள்.