கடையில புகையில்ல, வீட்ல மட்டும் ஏன் புகையுது?

கேள்வி: நாங்க குலசேகரம் பக்கம். மார்த்தாண்டத்துல ஒரு கடையில புகையில்லா விறகடுப்பு வாங்கினோம், அங்க எரிச்சு காட்டுனப்ப புகையே இல்ல. வீட்ல ரப்பர் விறகு வச்சு மூட்டினா அடுக்களை முழுக்க புகை, கண்ணத் தொறக்க முடியல. ஏமாத்திட்டாங்களா?

பதில்: அவசரப்பட்டு திருப்பிக் குடுக்காதீங்க அக்கா, முதல்ல விறகைப் பாருங்க. கடையில பெரும்பாலும் காஞ்ச சிரட்டைய, அதான் தேங்கா ஓட்டைப் போட்டு, அடுப்பு நல்லா சூடேறினப்புறம்தான் காட்டுவாங்க. புதுசா வெட்டின ரப்பர் தடின்னா எடையில பாதிக்குப் பக்கம் தண்ணி இருக்கும், அது ஆவியாகி முடியுற வரைக்கும் தீயோட சூடெல்லாம் அதுக்கே போயிடும், ஈரம் இருக்குற இடம் 100 டிகிரிய தாண்டவே தாண்டாது. ஈரம் போய் 200, 300 டிகிரி வந்ததும் மரத்துல இருந்து வாயுவும் தாரும் கிளம்பும், நாம பாக்குற வெள்ளைப் புகை அதுதான். அந்தப் புகையே எரியக்கூடிய சரக்குங்க, சுமார் 600 டிகிரிக்கு மேல சூடும் தேவையான காத்தும் கிடைச்சா அதுவும் தீயா எரிஞ்சிடும், கிடைக்கலைன்னா நேரா உங்க கண்ணுக்குத்தான் வரும். மெழுகுவத்திய ஊதி அணைச்ச உடனே மேல எழும்புற புகையில தீக்குச்சியக் காட்டிப் பாருங்க, திரியத் தொடாமலே பத்திக்கும்.

கறுப்புப் புகைன்னா வேற, விறகைத் திணிச்சு காத்து பத்தாம போச்சுன்னு அர்த்தம்.

அதனால தடிய சின்னதா கீறி மழை படாம காத்தோட்டமா அடுக்கி வைங்க, நம்ம பக்கம் ரெண்டு மழையும் உண்டே, வெளிய போட்டா எப்பவும் காயாது. மூட்டும்போது சிரட்டை, கொதும்பு (காஞ்ச தென்னம்பாளை) போட்டு அடுப்ப சூடாக்கிட்டு, அப்புறம் விறகை ஒவ்வொண்ணா தள்ளுங்க. பர்னிச்சர் கடை மிச்சத் துண்டு சும்மா கிடைக்குதுன்னு எரிக்கவே எரிக்காதீங்க, ரப்பர் மரத்துக்கு பூச்சி அரிக்காம இருக்க மருந்து ஏத்தியிருப்பாங்க. புகை நின்னாலும் ஜன்னலத் திறந்தே வைங்க, கனல்ல இருந்து வர்ற கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, ஆளையே கொல்லும்.

நல்லா காஞ்ச விறகு போட்டும் அரைமணி நேரம் கழிச்சு புகைஞ்சிட்டே இருந்தா, அப்ப அடுப்பு மேலதான் சந்தேகப்படணும். உள்ள மேல்பக்கம் வட்டமா காத்து ஓட்டை இருக்கா, அடைஞ்சிருக்கான்னு பாருங்க. ஐஎஸ்ஐ முத்திரையோட ஐஎஸ் 13152னு போட்டிருக்கான்னும் பாருங்க, விறகடுப்புக்கான தரம் அதுதான். கடைக்காரர்கிட்ட உங்க விறகையே கொண்டு போயி, ஆறின அடுப்புல மூட்டிக் காட்டச் சொல்லுங்க. மாட்டேன்னா 1915க்கு போன் பண்ணுங்க, தேசிய நுகர்வோர் உதவி எண், பில்லு மட்டும் கையில இருக்கணும்.