பனடோல் பாணியை எதனால் அளப்பது?

கேள்வி: என் மகனுக்கு இரண்டு வயது, எடை 11 கிலோ. காய்ச்சல் வந்தால் பனடோல் பாணி ஒரு தேக்கரண்டி கொடுப்பேன். அரைக் கரண்டி போதும் என்கிறார் மாமி. கட்டாரில் இருக்கும் அக்கா அனுப்பிய சிறிய காய்ச்சல் மருந்துப் போத்தல் ஒன்றும் வீட்டில் இருக்கிறது. நூறு பெற்றோரில் 84 பேர் பிள்ளைக்கு மருந்தைப் பிழையாக அளக்கிறார்கள் என்று அமெரிக்க ஆய்வொன்று சொல்வதாகப் பத்திரிகையில் படித்தேன். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது. எவ்வளவு கொடுப்பது, எதனால் அளப்பது?
(வாசகி, களுவாஞ்சிகுடி)

பதில்: தேக்கரண்டியைச் சீனிப் போத்தலுக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பாமசியில் 5 மில்லிலீட்டர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். ஊசி வேண்டாம், வெறும் குழாய் போதும். ஊசி போடுவதற்கு விற்கிற சாதாரண சிரிஞ்சே இதற்கும் உதவும். நுனியில் சின்ன மூடி இருந்தால் வீட்டுக்கு வந்ததும் அதைக் குப்பையில் போடுங்கள். மூடியைக் கழற்ற மறந்து அழுத்தினால் அது பிள்ளையின் தொண்டைக்குள் போய்விடும். மருந்தை நாக்கின் நடுவில் பீச்சாமல், கன்னத்தின் உட்பக்கமாகச் சிறிது சிறிதாக விடுங்கள்.

நீங்கள் படித்தது, நியூயோர்க்கைச் சேர்ந்த ஷோனா யின் என்ற குழந்தை நல வைத்தியரும் அவருடைய குழுவினரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு. சிறு பிள்ளைகளின் பெற்றோர் 2,110 பேரிடம் அளவுக் கோப்பையையும் சிரிஞ்சையும் கொடுத்து ஒன்பது முறை அளக்கச் சொன்னார்கள். ஒன்பதில் ஒரு முறையேனும் பிழைவிட்டவர்கள்தான் அந்த 84 வீதத்தினர். 'ஒரு முறையேனும்' என்பதைப் பத்திரிகை விழுங்கிவிட்டது, நீங்கள் பயந்துவிட்டீர்கள். பயப்பட வேண்டிய இடம் வேறு. ஐந்தில் ஒருவர் ஒரு முறையாவது இரண்டு மடங்குக்கு மேல் ஊற்றியிருக்கிறார். கோப்பையால் அளந்தபோது பிழை நேரும் வாய்ப்பு, சிரிஞ்சால் அளந்ததைவிட நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. அவர்கள் கையில் இருந்தவை மருந்துக்கென்றே கோடு போட்டுச் செய்த சாமான்கள் என்பதையும் கவனியுங்கள். வீட்டுக் கரண்டிகளைக் கிரேக்க நாட்டில் வேறொரு குழுவினர் அளந்து 2010 இல் வெளியிட்டார்கள். தேக்கரண்டி என்ற ஒரே பெயரில் 2.5 மில்லிலீட்டர் கொள்வதும் இருந்தது, 7.3 கொள்வதும் இருந்தது. உங்கள் கரண்டியும் மாமியின் கரண்டியும் ஒரே கரண்டியா என்றுகூட நமக்குத் தெரியாது. இதில் முழுக் கரண்டியா அரைக் கரண்டியா என்று வீட்டில் சண்டை எதற்கு?

இனி அளவு. பனடோல் பாணியில் இருக்கும் மருந்தின் பெயர் பரசிட்டமோல். அது வயதைப் பார்த்துக் கொடுக்கிற மருந்தல்ல, எடையைப் பார்த்துக் கொடுப்பது. ஒரு கிலோவுக்கு ஒரு தடவையில் 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, ஒரு நாளில் நான்கு தடவைக்கு மேல் இல்லை. உங்கள் மகனுக்கு ஒரு தடவைக்கு 110 முதல் 165 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். இங்கே வழக்கமாகக் கிடைக்கும் பாணியில் 5 மில்லிலீட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது. ஆகவே சிரிஞ்சால் 5 மில்லிலீட்டர் போதும். காய்ச்சல் கடுமை என்றால் ஆறரை வரை போகலாம். மாமி சொல்லும் அரைக் கரண்டியால் காய்ச்சல் இறங்காது. இறங்கவில்லையே என்று இரண்டு மணித்தியாலத்தில் இன்னோர் அரைக் கரண்டி, பிறகு இன்னொன்று. அப்படித்தான் கணக்கு தப்புகிறது. எடை தெரியாதவர்கள் கிளினிக் கொப்பியை எடுத்துப் பாருங்கள், மிட்வைஃப் நிறுத்து எழுதியிருப்பார்.

இப்போது அக்காவின் போத்தலுக்கு வருகிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வளைகுடா நாட்டிலிருந்து வரும் பெட்டியில் பால்மாவோடும் சவர்க்காரத்தோடும் காய்ச்சல் மருந்தும் வராத வீடு குறைவு. அன்போடு அனுப்புகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் பரசிட்டமோல் என்று எழுதியிருக்கும் போத்தல் எல்லாம் ஒன்றல்ல. 5 மில்லிலீட்டருக்கு 250 மில்லிகிராம் உள்ள பாணி இருக்கிறது. அதில் 5 மில்லிலீட்டர் கொடுத்தால் உங்கள் மகனுக்கு அளவு கூடிவிடும், மூன்று மில்லிலீட்டரோடு நிறுத்த வேண்டும். அதைவிட ஆபத்தானது கைக்குழந்தைக்கான சொட்டு மருந்து. போத்தல் சிறிது, படத்தில் சிரிக்கும் குழந்தை, ஒரே ஒரு மில்லிலீட்டருக்குள் 100 மில்லிகிராம். நீங்கள் பழக்கத்தில் 5 மில்லிலீட்டர் எடுத்தால் ஒரே தடவையில் 500 மில்லிகிராம், அதாவது பெரியவர்களின் ஒரு முழு மாத்திரை. நாளுக்கு நான்கு தடவை, மூன்று நாள் கொடுத்தால் ஈரல் பழுதாகலாம். 'சிறிய போத்தல்' என்று நீங்கள் எழுதியதைப் பார்த்துத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். லேபலில் மில்லிகிராம் இலக்கத்தைத் தேடுங்கள். அது எத்தனை மில்லிலீட்டருக்கு என்பதையும் பாருங்கள். எழுத்து அரபு மட்டும் என்றால், அல்லது லேபல் கிழிந்திருந்தால், கொடுக்காதீர்கள். அக்கா கோபிக்க மாட்டார்.

மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம், நேரே வைத்தியசாலை.

உள்ளூர்க் கடைகளும் உத்தமமில்லை. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது, பதிவு பெற்ற மருந்தாளர் கடையில் நிற்க வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. சில கடைகளில் மருந்தாளரின் சான்றிதழ் மட்டும் சுவரில் நிற்கிறது, ஆள் வேறெங்கோ. கவுண்டரில் இருக்கும் பையன் "பிள்ளைக்குக் காய்ச்சலா, தடிமனா?" என்று கேட்டு இரண்டு போத்தல் எடுத்து வைப்பான். ஒன்று பனடோல் பாணி, மற்றது தடிமன் பாணி. தடிமன் பாணிகள் பலவற்றுக்குள்ளும் பரசிட்டமோல் இருக்கிறது. இரண்டையும் கொடுத்தால் இரட்டிப்பு. இதோடு மூன்றாவதாக ஓர் அன்டிபயோட்டிக் போத்தலையும் தள்ளிவிடுவார்கள். சாதாரணத் தடிமனுக்கு அது தேவையே இல்லை. வைத்தியரின் துண்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது என்பது அவர்களுக்கும் தெரியும்.

அரசாங்கத்தையும் விடுவதற்கில்லை. பாணி மருந்து வாங்கப் போகும் தாய் வெற்றுப் போத்தலும் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது எத்தனையோ வைத்தியசாலைகளில் இன்னும் வழக்கம். எதையோ ஊற்றி வைத்திருந்த போத்தலில் மருந்து வாங்கி, பெயரும் இல்லாமல் இலக்கமும் இல்லாமல் "ஒரு கரண்டி, மூன்று வேளை" என்ற வாய்ச்சொல்லோடு வீட்டுக்கு வருகிறார்கள். எந்தக் கரண்டி என்று கேட்டால் பின்னால் நிற்கும் வரிசை முறைக்கும். இலவச மருத்துவம் என்று மார் தட்டும் நாட்டுக்கு ஒரு பிளாஸ்ரிக் சிரிஞ்ச் கொடுக்க வக்கில்லையா? கேளுங்கள். மருந்தின் பெயரையும், 5 மில்லிலீட்டரில் எத்தனை மில்லிகிராம் என்பதையும் ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முறைத்தால் முறைக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. நம் பக்கம் மாரி மழையோடு டெங்கு வரும். காய்ச்சல் இறங்கவில்லை என்பதற்காக புரூஃபென், டைக்குளோஃபெனாக், மெஃபெனமிக் அசிட் என்ற வலி மருந்துகள் எதையும் தொடாதீர்கள். ஆசனவாயில் வைக்கும் மருந்தைக் கடைக்காரர் தந்தாலும் அதில் டைக்குளோஃபெனாக் என்று இருந்தால் திருப்பிக் கொடுங்கள். டெங்குவில் இவை இரத்தப்போக்கை வரவழைக்கும். டிஸ்பிரின் பிள்ளைகளுக்கு எந்தக் காய்ச்சலிலும் கிடையாது. பரசிட்டமோல் காய்ச்சலைத் தணிக்கும், நோயை மாற்றாது. இரண்டு நாள் தாண்டியும் காய்ச்சல் நின்றால் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். ஓயாத வாந்தி, வயிற்று வலி, சோர்ந்து கிடத்தல், கை கால் குளிர்தல், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு நாள் கணக்குப் பார்க்காமல் இரவோடு இரவாகப் போங்கள். மருந்து கொடுத்த நேரங்களையும் அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, போத்தலையும் எடுத்துச் செல்லுங்கள். வெளிநோயாளர் பிரிவில் ஒருவர், வார்ட்டில் ஒருவர், விடிந்ததும் இன்னொருவர் என்று அதே கேள்வியைக் கேட்பார்கள்; தூங்காத தாய்க்கு மூன்று முறையும் ஒரே பதில் வராது.