காரைக்குடி புறநகரில் அரசு நடுநிலைப் பள்ளியில் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்கலாமா? அங்கே மாணவர் வாழ்க்கை எப்படி இருக்கும்?

வேலை மாறுதலில் காரைக்குடிக்கு வருகிறீர்கள். கோட்டையூர்ச் சாலைப் பக்கம் வீடு பார்த்திருக்கிறீர்கள். நடந்து போகும் தூரத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது, சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். என் மகள் இதே சுற்றுவட்டாரத்தில் அப்படியொரு பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு வரை படித்தாள். நானும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராக இருந்ததால் உள்ளே நடப்பது ஓரளவு தெரியும். குறைகளையும் சொல்லப்போகிறேன், அதனால் பள்ளியின் பெயர் வேண்டாம்.

2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது கோட்டையூர், கண்டனூர், சங்கராபுரம் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. ஆனால் ஊர்ப் பேச்சில் இந்தப் பள்ளி இன்னும் யூனியன் பள்ளிக்கூடம்தான், அதாவது ஊராட்சி ஒன்றியப் பள்ளி. மகளைச் சேர்த்த புதிதில் எங்கள் தெரு ஆச்சி ஒருவர், “யூனியன் பள்ளிக்கூடத்திலா போட்டிருக்கிறாய்?” என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் நேருவை வரவழைத்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்ட வைத்த ஊர் இது. நகரத்தார் தொடங்கிய உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன, மஞ்சள் வேன் அனுப்பும் தனியார் பள்ளிகள் இருக்கின்றன. இத்தனையும் இருக்க யூனியன் பள்ளிக்கு ஏன் போக வேண்டும் என்பது ஊரார் கணக்கு.

நீங்கள் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. நடுநிலைப் பள்ளி என்றால் ஒன்று முதல் எட்டு வரை. பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைதான் எல்லாருக்கும் சின்னது. பிளஸ் டூ மாணவர்கள் வரும்போது வராந்தாவில் ஒதுங்கி நிற்கும். இங்கே ஆறாம் வகுப்பில் நுழைந்தவுடனே அது அக்கா ஆகிவிடுகிறது. காலைப் பிரார்த்தனையில் தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடுவது, குறள் சொல்லிப் பொருள் சொல்வது, நாளிதழிலிருந்து செய்தி வாசிப்பது, மணி அடிப்பது, சத்துணவுக்கு முன் சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கை கழுவ வைப்பது, எல்லாம் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளின் பொறுப்பு. வகுப்புக்கு ஒரே பிரிவு, பிள்ளைகளும் குறைவு என்பதால் முறை அடிக்கடி வரும். கூச்சத்தில் முகம் கொடுத்துப் பேசாத என் மகள் ஏழாம் வகுப்பில் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பங்குனியில் கம்பன் விழா நடக்கிற ஊர் அல்லவா, மேடையில் பேசும் பிள்ளைக்கு இங்கே தனி மரியாதை உண்டு.

யார் யார் படிக்கிறார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்பவர்களின் பிள்ளைகள், கொத்தனார் பிள்ளைகள், கல்யாணச் சமையலுக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் பிள்ளைகள், ஆத்தங்குடிக் கல் எனப்படும் பூவேலைத் தரைக்கல் பட்டறையில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு. சேரும்போது ஒரு வார்த்தை தமிழ் தெரியாத ஒரு பையன் கபடி ஆடியே தமிழ் கற்றான். முதலில் கற்றவை எந்த வார்த்தைகள் என்று கேட்காதீர்கள்.

இந்தக் கலவை வகுப்புக்குள் வந்து சேர்ந்த ஒரு நாளைச் சொல்ல வேண்டும். கணக்கு ஆசிரியை சமச்சீர் வடிவங்கள் பாடம் நடத்தும்போது, வீட்டில் உடைந்த ஆத்தங்குடிக் கல் இருந்தால் கொண்டுவரச் சொன்னார். பழைய வீடு இடித்த இடங்களில் அதற்குப் பஞ்சமா? பிள்ளைகள் பை நிறையக் கொண்டுவந்தார்கள். நாலு கல்லைச் சேர்த்து வைத்தால் பூ முழுமையாகிறது, ஒன்றைத் திருப்பி வைத்தால் கலைகிறது. சமச்சீர்க் கோடும் சுழல் சமச்சீரும் தரையிலேயே நடந்தன. அப்போது பட்டறைக்காரர் மகள் ஒருத்தி எழுந்து, கல் எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கினாள். கண்ணாடித் தகட்டின் மேல் சட்டம் வைத்து, அதற்குள் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டுக் கலவையை ஊற்றுவார்கள். அச்சை எடுத்துவிட்டு மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் ஊற வைப்பார்கள். சூளையில் சுடுவதே இல்லை. அந்தப் பளபளப்பு கண்ணாடியிலிருந்து வருகிறது. ஆசிரியை சாக்பீசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அந்தப் பெண் கணக்கில் கடைசி வரிசை. அதற்குப் பிறகு முதல் மதிப்பெண் வாங்கினாள் என்றெல்லாம் கதை விடமாட்டேன். ஆனால் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்கும் பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது.

வானவில் மன்றம் என்று 2022இல் தொடங்கிய திட்டம் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கு உண்டு. கருத்தாளர் ஒருவர் அறிவியல், கணக்குச் சோதனைப் பொருட்களோடு வருவார். அவர் வரும் நாளில் யாரும் விடுப்பு எடுப்பதில்லை. பள்ளிக் கல்வித் துறை பிள்ளைகளுக்காக வெளியிடும் தேன்சிட்டு இதழும் வரும். அதில் தன் ஓவியம் வராதா என்று எங்கள் வீட்டில் பெரிய ஏக்கம்.

சாப்பாடு: மதியம் கலவைச் சாதமும் முட்டையும். முட்டையை யார் முதலில் முடிப்பது, யார் கடைசி வரை மிச்சம் வைப்பது என்று இரண்டு கட்சிகள் உண்டு. காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான், குறைந்தபட்சம் நான் பார்த்த ஆண்டுகளில். ஒரே வீட்டிலிருந்து வரும் தம்பி பொங்கல் சாப்பிட, ஆறாம் வகுப்பு அண்ணன் தூணில் சாய்ந்து நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. கூட்டத்தில் இதைப் பேசினோம். அது எங்கள் கையில் இல்லை. உங்கள் மகளுக்கு வீட்டிலேயே காலை உணவு கொடுத்து அனுப்புங்கள்.

மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் திருவிழா வந்துவிட்டால் வகுப்பில் பாதி மஞ்சள் நிறம். பால்குடம் எடுக்கும் நாளில் வருகைப் பதிவேட்டைத் திறப்பதே வீண்.

இனிக் குறைகள். ஆறு முதல் எட்டு வரை பட்டதாரி ஆசிரியர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போனால் இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்கார வைப்பார்கள். விளையாட்டு, ஓவியம் எல்லாம் பகுதிநேர ஆசிரியர்கள். கழிப்பறை கட்டடம் நன்றாகவே இருந்தது, தண்ணீர் மோட்டார்தான் அடிக்கடி பழுது. பெண் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு தொல்லை என்று நான் விளக்க வேண்டியதில்லை. மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் எழுதி, பின்னாலேயே அலைந்து, அதைச் சரிசெய்தோம். பெற்றோர் பேசாவிட்டால் அப்படியே கிடக்கும். ஆங்கிலம் பேசும் பழக்கம் இங்கே தானாக வராது, வீட்டில் நீங்கள்தான் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரும்பாலோர் யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு. மருத்துவப் படிப்பில் 2020 முதல் உள்ள 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்கு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். காரைக்குடியின் பழம்பெருமை மிக்க உதவி பெறும் பள்ளிகள் நல்ல பள்ளிகள்தான், ஆனால் இந்த ஒதுக்கீட்டில் அவை சேராது. ஆகவே எட்டு முடித்ததும் எந்த அரசு மேல்நிலைப் பள்ளி என்பதை இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வும் வரும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். மனத்திறன் தாளுக்கு ஏழாம் வகுப்பிலிருந்தே பழக்குங்கள், கடைசி மாதத்தில் ஓடினால் பிடிபடாது.

மகள் மருத்துவம்தான் படிக்க வேண்டும் என்பதில்லையே என்பீர்கள். இல்லைதான். ஆனால் இந்தக் கதவு ஆறாம் வகுப்பிலேயே மூடிவிடுகிறது என்பது பலருக்குப் பத்தாம் வகுப்பில்தான் தெரிகிறது.

மே மாதத்தில் பழைய பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் வாங்கும்போதே, மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் மகளின் பெயரைப் பொதுத் தொகுப்புக்கு அனுப்பிவிட்டார்களா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே விடுவிக்காவிட்டால் இங்கே தலைமை ஆசிரியரால் பெயரைச் சேர்க்க முடியாது. ஆதார் நகலும் சாதிச் சான்றிதழும் கையில் இருக்கட்டும். சீருடைத் துணிக்கும் புத்தகத்துக்கும் பணம் கேட்க மாட்டார்கள்.