ஹார்ப்பில் ஜாஸ் வாசிக்க: கிளப்பில் இடம் கிடைக்காதவருக்கு

எட்டு வருடம் கிளாசிக்கல் ஹார்ப் (விரலால் மீட்டும் பெரிய தந்தி வாத்தியம்) படித்துவிட்டு ஜாஸ் வாசிக்கப் போனால், "டிரம்ஸ் சத்தத்தில் இது கேட்காது" என்று கிளப்காரர்கள் திருப்பி அனுப்புவதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் ஜாஸ் ஹார்ப் கலைஞர் டோரதி ஆஷ்பியும் 1950களில் இதே கதவுகளைத்தான் தட்டினார். பியானோவிலிருந்து ஹார்ப்புக்கு வந்தவர். கணவர் ஜான் டிரம்ஸ் வாசிக்க, சொந்தமாக டிரையோ (மூவர் குழு) அமைத்து, இலவசமாகக்கூட வாசித்துக் காட்டினார். 1957இல் வந்த முதல் ஆல்பத்தில் அவருடன் சேர்ந்தது ஃபிராங்க் வெஸ்ஸின் புல்லாங்குழல். நீங்களும் முதலில் அப்படி ஹார்ப்பின் ஒலியை அமுக்கிவிடாத துணை வாத்தியத்தைத் தேடுங்கள். பிறகு கலிஃபோர்னியாவில் ஸ்டூடியோ வேலைகள் ஆஷ்பிக்குக் கைகொடுத்தன. 1976இல் பாடகர் ஸ்டீவி வொண்டரின் ஆல்பத்திலும் வாசித்தார். அதனால் ரெக்கார்டிங் வாய்ப்புகளையும் விடாமல் கேளுங்கள்.

அப்புறம், பெடல் விஷயம், அதாவது கம்பிகளின் சுரத்தை அரைப்படி ஏற்றி இறக்கும் ஏழு கால்மிதிகள். ஜாஸில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) சட்டென்று மாறும்போது கால் தடுமாறுகிறது என்றீர்களே, பேஸ் வரியை (அடித்தளமான கீழ்ச் சுரங்களை) பேஸ் வாசிப்பவரிடமே விட்டுவிடுங்கள். பாதிச் சுமை குறையும். இன்னொன்று: சி, டி ஷார்ப், ஈ ஃப்ளாட், எஃப் ஷார்ப், ஜி ஃப்ளாட், ஏ, பி ஷார்ப் என்று ஏழு பெடலையும் வைத்துப் பாருங்கள் (ஷார்ப் என்றால் அரைப்படி மேலே, ஃப்ளாட் என்றால் அரைப்படி கீழே). டி ஷார்ப்பும் ஈ ஃப்ளாட்டும் ஒரே ஒலி என்பதுபோல இரட்டைகள் வருவதால், ஏழு கம்பியிலும் நான்கே சுரம்தான். எந்தக் கம்பியைத் தொட்டாலும் டிமினிஷ்ட் என்ற அந்த நான்கு சுரக் கார்டுக்குள்ளேயே இருப்பீர்கள். பியானோவில் இப்படி விரலை இழுத்துவிட முடியாது! வாசித்த கம்பியை உள்ளங்கையால் உடனே அடக்கவும் பழகுங்கள். ஒலி நீண்டால் தாளம் குழம்பிவிடும்.