கப்பலில் வருவது பழம் இல்லை

கேள்வி: மாசி பிறந்தால் போதும், நாகர்கோவில் ரோட்டோரமெல்லாம் தர்பூசணி குவிகிறது. நம் மாவட்டத்தில் அதை யாரும் பயிரிட்டதாகத் தெரியவில்லை. ஆப்பிள் மாதிரி இதையும் வெளிநாட்டிலிருந்து இறக்கி விவசாயியைக் கெடுக்கிறார்கள். இறக்குமதியைத் தடை செய்யச் சொல்லி நீங்கள் ஏன் எழுதவில்லை? போதாததற்கு அதில் சாய ஊசி வேறு போடுகிறார்களாமே!
- வாசகர், தக்கலை

பதில்: வராத கப்பலை மறிக்கச் சொல்கிறீர்கள். நீங்கள் பார்த்த தர்பூசணி திண்டிவனம், செங்கல்பட்டு பக்கத்திலிருந்து லாரியில் வந்தது. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், எடையோ பாறை, விலையோ சொற்பம். அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்தால் எந்த வியாபாரிக்கும் கட்டாது. உலக விளைச்சலில் பாதிக்கு மேல் சீனாவில்தான். அதில் பெரும்பகுதியை அவர்களே தின்று தீர்க்கிறார்கள்.

கப்பலில் வருவது விதை. ஸ்வீட் கடையில் அல்வாமேல் தூவும் உரித்த பருப்பு இருக்கிறதே, அதற்கான தர்பூசணி விதை சூடானிலிருந்து ஏராளமாக வந்துகொண்டிருந்தது. மத்திய அரசு 2024 ஜூன் 30 வரை அதைத் தாராளமாக வரவிட்டு, பிறகு கட்டுப்பாட்டுப் பட்டியலில் போட்டது. தடை பற்றிப் பேசுவதென்றால் அங்கே பேசலாம். ஆனால் அது அந்த விதையை விளைவிக்கும் ராஜஸ்தான் விவசாயியின் வழக்கு, தக்கலைக்காரருடையது அல்ல.

இன்னொன்று விதைக்கிற விதை. திண்டிவனத்து விவசாயி வாங்குவது பெரும்பாலும் பன்னாட்டுக் கம்பெனிகளின் வீரிய ஒட்டு விதை. அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அதே பழம் வராது. ஒவ்வொரு போகமும் புது பாக்கெட். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1, பெங்களூரு ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா மாணிக் என்று நம் ரகங்களும் உண்டு, விதை எடுத்துவைக்கலாம். ஆனால் வயலுக்கே வந்து விலை பேசும் வியாபாரி, ஃபிரிட்ஜில் அடங்கும் கரும்பச்சைப் பழம்தான் வேண்டும் என்கிறார். எந்த விதை என்பதையும் என்ன விலை என்பதையும் அவரே முடிவு செய்கிறார். கோபப்படுவதென்றால் இதற்குப் படுங்கள்.

நம் மாவட்டத்தில் ஏன் விளையவில்லை? தர்பூசணிக்கு வறண்ட வெயில் வேண்டும், காய் பெருக்கும்வரை தண்ணீரும் வேண்டும். இங்கே வழக்கமாகப் பிப்ரவரி கடைசியில் பேச்சிப்பாறை அணையை அடைத்தால் ஜூனில்தான் திறக்கிறார்கள். கிணறு இருக்கிறவர் சமாளித்தாலும், பழுக்கும் நேரத்தில் கோடைமழை கொட்டிக் காயை வெடிக்க வைக்கும். இந்த மண்ணில் போய்த் திண்டிவனத்தோடு மல்லுக்கட்டுவது வீண் என்பது என் கட்சி.

அதற்காக நமக்கு வேறு பழமே இல்லையா? கும்பப்பூ நெல் அறுத்த வயலில் வெள்ளரி போட்டுச் சித்திரை விஷுவுக்குக் காய் பறித்த ஊர் இது. கனி காணத் தட்டில் வைக்கிறோமே கணிவெள்ளரி, அதுவும், வெடித்து மாவாக விரியும் வெள்ளரிப்பழமும் முலாம்பழத்தின் இனமேதான். ஏசி கடையில் முலாம்பழத்தை வலைச்சட்டை போட்டு வைத்தால் வாய்பேசாமல் காசு கொடுக்கிறோம். வெள்ளரிப்பழக்காரியிடம் மட்டும் பேரம்! கேரளத்துக் கொடுங்கல்லூர்க்காரர்கள் இதே வெடிக்கிற பழமான தங்கள் பொட்டுவெள்ளரிக்குப் புவிசார் குறியீடே வாங்கிவிட்டார்கள். நம் மட்டி வாழைக்கும் 2023-ல் கிடைத்தது. வெள்ளரிக்கு யாரும் மனுப் போட்டதாக என் காதில் விழவில்லை. அப்படி ஒரு மனு தயாரானால் சொல்லுங்கள், முதல் பக்கத்தில் போடுகிறேன்.

ஊசிக்கு வருகிறேன். 2025 கோடையில் சென்னையில் கிளம்பிய இதே பேச்சில் விலை விழுந்து, பறிகூலிக்கும் கட்டாமல் பழத்தை வயலிலேயே விட்டார்கள். அந்தச் சிவப்பு லைக்கோபீன், தக்காளிக்கும் அதே நிறமிதான். ஊசி குத்தினால் சாயம் குத்திய இடத்தைச் சுற்றித்தான் நிற்கும், சதை முழுக்கச் சீராகப் பரவாது. துளை விழுந்த பழம் சீக்கிரமே அழுகவும் தொடங்கும். லாரி லாரியாக வாங்கி அடுக்குகிறவர், காசு செலவழித்து ஒவ்வொன்றாகக் குத்தித் தன் சரக்கைத் தானே அழுக வைப்பாரா?