சர்வர் போச்சு என்கிறார் டெக்னீஷியன்: புதிது வாங்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். கவுன்ட்டரில் இரண்டு கம்ப்யூட்டர், உள்ளறையில் சர்வர் ஒன்று. பில்லும் சரக்குக் கணக்கும் சர்வரில்தான் இருக்கின்றன. கடையில் கேமரா மாட்டி மூன்று மாதம் ஆகிறது. ஏறக்குறைய அப்போதிலிருந்து, கரண்ட் போய் வந்தாலே கவுன்ட்டரில் ‘சர்வரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று வருகிறது. எல்லாவற்றையும் அணைத்துப் போட்டால் சில நாள் சரியாகிறது. சில நாள் மதியம் வரை கையால்தான் பில் எழுதுகிறோம். நெட் கம்பெனியில் புகார் கொடுத்தேன். ஆளே வராமல் ‘உங்கள் புகார் தீர்க்கப்பட்டது’ என்று எஸ்.எம்.எஸ். மட்டும் வந்தது. எங்கள் டெக்னீஷியன், லேன் கார்டு (நெட்வொர்க் கேபிளைச் செருகும் பாகம்) போய்விட்டது, மதர்போர்டும் சீக்கிரம் போகும், புது சர்வர் 65,000 ரூபாய், பழையதைக் கொடுத்தால் 4,000 கழித்துக்கொள்கிறேன் என்கிறார். வாங்கிவிடலாமா?

பதில்: வாங்காதீர்கள். முக்கியமாக, பழையதைக் கொடுக்காதீர்கள்.

உங்கள் கடிதத்திலேயே விடை பாதி இருக்கிறது. லேன் கார்டு போயிருந்தால் அது கரண்ட் போகும் வரை காத்திருக்காது. அணைத்துப் போட்டதும் எழுந்து உட்காராது. ‘சில நாள் சரியாகிறது’ என்கிறீர்கள். ரிப்பேரான பொருள் இப்படி நாள் பார்த்து வேலை செய்வது அபூர்வம். உங்கள் கடையில் மாறிப்போவது, எனக்குத் தெரிந்து, ஒரு எண்.

உங்கள் ரௌட்டர் பெட்டி கடைக்குள் இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் கொடுக்கிறது. ஐ.பி. முகவரி என்பார்கள். பெரும்பாலும் 192.168.1.5 என்பது போல இருக்கும். முதல் மூன்று பகுதியைத் தெருப் பெயர் என்றும் கடைசியைக் கதவு எண் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டர் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரை நிறுவியவர், ‘சர்வர் 5-ம் எண் வீட்டில் இருக்கிறது’ என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருப்பார். சர்வர் அந்த வீட்டில் இருக்கும் வரை ஒரு தொல்லையும் இல்லை.

கரண்ட் போய் வந்ததும் என்ன ஆகிறது? சாதாரண ரௌட்டர்களில் பல, யாருக்கு எந்த எண் கொடுத்தோம் என்ற பட்டியலை அப்போதே மறந்துவிடும். கரண்ட் வந்ததும் யார் முதலில் கேட்கிறார்களோ அவர்களுக்குக் கொடுக்க ஆரம்பிக்கும். உங்கள் கேமரா பெட்டி, யாரும் பொத்தானை அழுத்தாமலே தானாக எழுந்துகொள்ளும். ஊழியர்களின் போன்களும் உடனே வைஃபையில் ஒட்டிக்கொள்ளும். சர்வரை மட்டும் நீங்கள் சாவகாசமாக உள்ளே போய்ப் போட வேண்டும். அதற்குள் 5-ம் எண் வீட்டில் கேமரா குடியேறியிருக்கும், சர்வருக்கு 9 கிடைக்கும். கவுன்ட்டர் கம்ப்யூட்டர் 5-ம் எண் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோகிறது. எல்லாவற்றையும் அணைத்துப் போடும்போது தற்செயலாக சர்வர் முந்திக்கொண்டால் அன்றைக்குப் பில் ஓடும். அவ்வளவுதான் சங்கதி.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். இப்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே சர்வரில் விண்டோஸ் பொத்தானுக்குப் பக்கத்தில் தேடும் இடத்தில் ஆங்கிலத்தில் சி, எம், டி என்று மூன்று எழுத்துத் தட்டி என்டர் கொடுங்கள். கறுப்புத் திரை வரும். பயப்படாதீர்கள், அதில் எதுவும் கெட்டுப்போகாது. அங்கே ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர். பத்துப் பதினைந்து வரி ஓடும். ஐ.பி.வி4 அட்ரஸ் என்ற வரியில் இருக்கும் எண்ணை ஒரு அட்டையில் எழுதி மானிட்டர் மேல் ஒட்டுங்கள். அதற்குக் கீழே டிஃபால்ட் கேட்வே என்று இன்னொரு எண் இருக்கும். அது ரௌட்டரின் முகவரி. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த முறை சர்வர் காணாமல் போகும்போது அதே மாதிரி பாருங்கள். எண் மாறியிருந்தால் உங்கள் 65,000 பிழைத்தது.

எண் 169.254 என்று தொடங்கினால் மட்டும் கதை வேறு. ரௌட்டரிடமிருந்து பதிலே வராததால் கம்ப்யூட்டர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட எண் அது. அப்போது கேபிளைத்தான் பார்க்க வேண்டும். பாத்திரக்கடை உள்ளறை என்றால் அட்டைப்பெட்டி, வைக்கோல், எலி எல்லாம் இருக்கும். முதலில் எலி கடித்த இடத்தைத் தேடுங்கள். கேபிள் புதிதாக வாங்கினால் முனையில் ஒரு கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டிப் பார்க்கச் சொல்வேன். செம்பாகவே இருந்தால் வாங்கலாம். மேல்பூச்சு போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம், செம்பு முலாம் பூசியது. கொஞ்சம் மடக்கினாலே ஒடியும். பித்தளையையும் முலாமையும் சுரண்டிப் பார்த்தே பழகிய உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

எண் மாறுவது உறுதியானால் வழி எளிது. பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போம் இல்லையா, அதை ரௌட்டரில் செய்ய வேண்டும். குறித்து வைத்த கேட்வே எண்ணை பிரவுசரில் மேலே முகவரி போடும் இடத்தில் தட்டினால் ரௌட்டரின் பக்கம் திறக்கும். பாஸ்வேர்டு பெரும்பாலும் பெட்டிக்கு அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே டி.எச்.சி.பி. என்ற பகுதியில் (கருவிகளுக்கு எண் கொடுக்கும் வேலைக்கு அதுதான் பெயர்) ‘ரிசர்வேஷன்’ என்றோ ‘ஸ்டாட்டிக் லீஸ்’ என்றோ இருக்கும். சர்வரின் பிசிக்கல் அட்ரஸ் என்ற 12 எழுத்துக் குறியீட்டையும், கவுன்ட்டர் கம்ப்யூட்டர்கள் தேடும் அதே எண்ணையும் (எல்லாம் ஓடியபோது அட்டையில் எழுதி ஒட்டினீர்களே, அது) அங்கே பதிந்துவிட்டால் முடிந்தது. அந்த 12 எழுத்து அதே கறுப்புத் திரையில், ஐபிகான்ஃபிக் போட்டு ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடும் ‘ஆல்’ என்ற சொல்லும் தட்டினால் வரும். கம்ப்யூட்டர் படிக்கும் பக்கத்து வீட்டுப் பையன் போதும், அரை மணி நேர வேலை. கவுன்ட்டரில் எதையும் தொட வேண்டாம்.

சரி, அந்த மெனுவே இல்லாவிட்டால்? நெட் கம்பெனிகள் கொடுக்கும் பெட்டிகள் சிலவற்றில் அதைப் பூட்டி வைத்திருப்பார்கள். மாதாமாதம் காசு கட்டுபவர் நாம், நம் கடைக்குள் எந்தக் கருவிக்கு எந்த எண் என்று முடிவு செய்யும் உரிமை அவர்களுக்கு! அப்படியானால் சர்வரிலேயே எண்ணைக் கையால் போட்டு வைக்கலாம். ரௌட்டர் வழக்கமாக விநியோகிக்கும் எண்களுக்கு வெளியே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதையே இரண்டு கவுன்ட்டர் கம்ப்யூட்டரிலும் மாற்ற வேண்டும். உள்ளே இருக்கும் எண்ணையே போட்டுவிட்டால் என்றாவது ஒருநாள் ரௌட்டர் அதே எண்ணை ஒரு போனுக்கும் தூக்கிக் கொடுக்கும், பழைய கதைதான்.

நெட் கம்பெனிக்குக் கொடுத்த புகாரைப் பற்றி ஒரு வார்த்தை. கரண்ட் போய் வந்த அன்றும் கவுன்ட்டரில் வாட்ஸ்அப் ஓடுகிறது, பணம் வாங்கும் க்யூ.ஆர். வேலை செய்கிறது என்றால், நெட் நன்றாகத்தான் இருக்கிறது. சர்வருக்கும் கவுன்ட்டருக்கும் நடுவே நடப்பது முழுக்கக் கடைக்குள் நடப்பது; நெட்டே இல்லாவிட்டாலும் அது ஓட வேண்டும். எனவே இந்த முறை அவர்கள் மேல் தப்பில்லை. ஆனால் ஆள் வராமலே புகாரை மூடியது தப்புதான். நிஜமாகவே நெட் இல்லாத நாளில் இப்படி மூடினால், புகார் எண்ணைக் குறித்துவைத்து அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2012 விதிமுறை அந்தப் பிரிவைக் கட்டாயமாக்கியிருக்கிறது. 30 நாளுக்குள் முறையிட வேண்டும், அவர்கள் 39 நாளுக்குள் தீர்க்க வேண்டும். 39 நாள்! ஆடித் தள்ளுபடியே முடிந்துவிடும்.

அப்புறம், கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள். பில்லில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே பேசுங்கள். தேடலில் மேலே வருகிற எண்களில் மோசடிக்காரர்கள் போட்டுவைத்தவையும் உண்டு. ‘ஒரு சின்ன ஆப் போடுங்க சார், நாங்களே சரி பண்றோம்’ என்று சொல்லித் திரையை அவர்கள் கைக்கு வாங்கிக்கொள்வார்கள். அப்படி எதிலாவது மாட்டிப் பணம் போனால் அடுத்த நிமிடமே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டுவதற்குள் முடக்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் மீட்பது கடினம்.

இனி உங்கள் டெக்னீஷியன். ஒருவேளை அவர் உங்களுக்கு முன்னாலேயே ‘பிங்’ (ஓர் எண்ணைக் கூப்பிட்டு, பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) போட்டுக் காட்டி, பதில் வரவில்லை, பாருங்கள் சார், சர்வர் செத்துப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். விண்டோஸில் காவலாளி போல இருக்கும் ஃபயர்வால், பிங்குக்குப் பதில் சொல்லாமல் இருப்பது பல நேரம் இயல்புதான். அதுவும் மாறிப்போன எண்ணுக்குப் பிங் போட்டால் எங்கிருந்து பதில் வரும்? இதை வைத்து மதர்போர்டு வரை போவதெல்லாம், தும்மலுக்கு ஆபரேஷன் எழுதிக் கொடுப்பது மாதிரி. இன்னொன்று, உங்களிடம் இருப்பது அநேகமாகச் சாதாரண கம்ப்யூட்டர்தான். உள்ளறையில் வைத்தால் ‘சர்வர்’ என்று பெயர் வந்துவிடுகிறது, பெயர் வந்ததும் விலையும் ஏறிவிடுகிறது. இரண்டு கவுன்ட்டருக்குப் பில் போட அதுவே தாராளம்.

‘விண்டோஸ் 10-க்கு ஆதரவு நின்றுவிட்டது, அதனால்தான் இப்படி’ என்றும் சொல்வார்கள். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு வழக்கமான ஆதரவு நின்றது உண்மை. பாதுகாப்புக்காக ஒருநாள் மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஆதரவு நின்றதால் சர்வர் காணாமல் போகாது. இரண்டையும் முடிச்சுப் போட்டு விற்கிறார்கள்.

நானும் ஒன்றும் யோக்கியனில்லை. பல வருடம் முன்பு ஒரு அலுவலகத்தில் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஒரு கம்ப்யூட்டரும் பேசவில்லை. கம்ப்யூட்டர் கேபிள்களை எல்லாம் ஒன்றாக இணைக்கும் ஸ்விட்ச் பெட்டி போய்விட்டது என்று தீர்மானித்துப் புதிதாக வாங்கி மாட்டினேன். அதுவும் பேசவில்லை. பெட்டியில் சந்தனம் குங்குமம் வைத்துத் துடைத்தவர், தொங்கிக்கொண்டிருந்த ஒரு கேபிளின் மறுமுனையையும் அதே பெட்டியின் காலி ஓட்டையில் செருகியிருந்தார். தகவல் வட்டமாகச் சுற்றிச் சுற்றி மொத்தமும் முடங்கிப்போனது. நானும் அதே இரண்டு முனையையும் அக்கறையாகப் புதுப் பெட்டியில் மாட்டியிருந்தேன். பெட்டிக் காசை நான் திருப்பிக் கொடுத்தேன் என்பது மட்டும் ஆறுதல்.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ‘நீங்கள் சொன்னபடி செய்தோம், மறுபடி போச்சு’ என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் இதில்தான் விழுகிறார்கள். என்றாவது நீங்கள் பிளான் மாற்றினாலோ, கம்பெனி மாற்றினாலோ, பழைய பெட்டி கெட்டு புதியதைக் கொடுத்தாலோ, நீங்கள் போட்ட துண்டு பழைய பெட்டியோடு போய்விடும். அதோடு தெருப் பெயரும் மாறலாம். 192.168.1 என்று இருந்தது, ஜியோ பெட்டி வந்தால் வழக்கமாக 192.168.29 ஆகிவிடும். கதவு எண் 5-ஆகவே இருந்தாலும் தெரு வேறு, தபால் போகாது. மாட்டிவிட்டுப் போகிறவர் ‘நெட் வருதா, வருது’ என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார். பில் ஓடவில்லை என்பது அவர் போன பிறகுதான் தெரியும். இது போதாதென்று, புதுப் பெட்டியைப் பார்த்ததும் விண்டோஸ் இதை வேறு ஏதோ இடம் என்று நினைத்துக்கொள்ளும். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பது போல ‘பப்ளிக்’ என்று எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிடும். எண்ணெல்லாம் சரியாகவே இருந்தாலும் கவுன்ட்டருக்குக் கோப்புகள் தெரியாது. செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் அதை ‘பிரைவேட்’ என்று மாற்ற வேண்டும், சர்வரில் கட்டாயம்.

இந்தத் தலைவலி வேண்டாமென்றால் சொந்தமாக ஒரு சின்ன ரௌட்டர் வாங்கி, கம்பெனிப் பெட்டிக்குப் பின்னால் மாட்டி, கடைக் கருவிகள் எல்லாவற்றையும் அதிலேயே இணைத்துவிடுங்கள். வெளியே யார் எந்தப் பெட்டியை மாற்றினாலும் உள்ளே உங்கள் தெரு, உங்கள் எண் அப்படியே இருக்கும். சில ஆயிரத்துக்குள் முடியும். அதன் பாஸ்வேர்டை நீங்களே போடுங்கள், டெக்னீஷியனைப் போடச் சொல்லாதீர்கள். தன் கடை ரௌட்டரின் பாஸ்வேர்டு தெரியாத முதலாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். லாக்கர் சாவியைப் பூட்டு ரிப்பேர் செய்பவரிடமே விட்டுவைப்பது போலத்தான் அது.

கடைசியாக, அந்த 4,000 கழிவு. பழைய சர்வரோடு அதிலிருக்கும் டிஸ்க்கும் போகும். உங்கள் கொள்முதல் விலை, வாடிக்கையாளர் பாக்கி, போன் எண்கள் எல்லாம் அதில்தான். அழித்துவிட்டேன் என்று யார் சொன்னாலும் சாதாரணமாக அழித்ததைப் பல நேரம் மீட்டுவிட முடியும். என்றைக்காவது உண்மையிலேயே சர்வரை ரிப்பேருக்குக் கொடுப்பதானால், முதலில் கணக்கை ஒரு பென் டிரைவில் நகலெடுங்கள், டிஸ்க்கைக் கழற்றி வீட்டு பீரோவில் வையுங்கள், ராம் எத்தனை ஜி.பி. என்று ஒரு தாளில் குறித்து, சர்வரை எடுத்துப் போகிறவரிடம் அதில் கையெழுத்து வாங்குங்கள். டிஸ்க் இல்லாமல் எப்படிச் சோதிப்பது என்று அவர் கேட்டால், மதர்போர்டைத்தானே பார்க்கப் போகிறீர்கள் என்று கேளுங்கள்.